மஞ்சேரி: ஒரு நாட்டுப்புறத் தொகுதியின் தேர்தல் வரலாறு

வாக்களித்தல் என்னும் செயலுக்கு ஷரீஅத்தின் பார்வையில் என்ன தகுதி உண்டு என்ற வினாவுக்கு, சென்ற நூற்றாண்டின் புகழ்பெற்ற மார்க்க அறிஞர்களுள் ஒருவரான முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் மூன்று சொற்களில் விடை தந்துள்ளார்கள். வாக்கு என்பது ஷஹாதத், அதாவது வேட்பாளர் தகுதியுடையவர் என்று வாக்காளர் கூறும் சாட்சியம். அது ஷஃபாஅத், அதாவது பரிந்துரை. மூன்றாவதாக அது வகாலத், அதாவது தம் சார்பில் செயலாற்ற மற்றொருவரை நியமித்தல். இம்மூன்றையும் நம் மாணவர்களுக்குப் பாடமாக எடுத்துரைக்கும் போதெல்லாம் நம் நினைவுக்கு வருவது ஒரு தொகுதியின் வரலாறு. அது தமிழகத்துத் தொகுதியன்று. எனினும் தமிழக முஸ்லிம்களின் வரலாற்றிலிருந்து அதனைப் பிரித்துப் பார்க்கவும் இயலாது. அதுவே பழைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த, இன்று கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த மஞ்சேரி.

நெல்லை பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களை மும்முறை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவைத்த தொகுதி என்ற அளவில்தான் நம்மவர்களில் பெரும்பாலோர் மஞ்சேரியை அறிந்திருக்கின்றனர். அந்தத் தேர்வுக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை ஒருசேர நோக்கினால், சிறுபான்மைச் சமுதாயம் ஒன்றின் பிரதிநிதித்துவம் எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு நிலைக்கிறது, எப்போது தளர்கிறது என்பனவற்றை ஒரே இடத்தில் கற்றுக்கொள்ள முடிகிறது.

வாக்கில்லாதவர்களின் ஊர்

மஞ்சேரி அமைந்துள்ள ஏறநாடு மலையும் வயலும் சூழ்ந்த வேளாண் நாடு. நிலம் ஜன்மிகளிடம் இருந்தது. அதில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் மாப்பிள்ளைமார் எனப்படும் முஸ்லிம் குடியானவர்கள். 1909ஆம் ஆண்டின் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை வழங்கியது. 1919ஆம் ஆண்டின் சட்டம் அவற்றைத் தொடர்ந்தது. ஆனால் வாக்குரிமையோ சொத்தும் வரியும் கல்வியும் உடையோருக்கே உரியதாக இருந்தது. பிறர் நிலத்தில் வாரத்துக்கு உழுத குடியானவனுக்கு முஸ்லிம் தொகுதி என்றொன்று இருந்தும் அதில் அவன் பெயர் இல்லை.

1920 ஏப்ரலில் மலபார் மாவட்ட அரசியல் மாநாடு மஞ்சேரியிலேயே கூடியது. புதிய சட்டமன்றச் சீர்திருத்தங்களை ஏற்பதா மறுப்பதா என்பதே அங்கு எழுந்த முதன்மையான வினா. அவற்றை ஏற்கவேண்டும் என்று வாதிட்ட அன்னி பெசன்ட் அம்மையார், பெரும்பான்மையோர் அவை போதா என்று தீர்மானித்தபோது வெளியேறினார். கிலாபத் கோரிக்கைக்கும் குத்தகைச் சீர்திருத்தத்துக்கும் ஆதரவு தெரிவிக்கும் தீர்மானங்களும் அம்மாநாட்டில் நிறைவேறின. வாக்குப்பெட்டியில் இடமில்லாத மக்கள் மாநாட்டுப் பந்தலில் கூடித் தம் கருத்தை உரைத்த நிகழ்ச்சி அது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வெடித்த மலபார் கிளர்ச்சியையும் அது அடக்கப்பட்ட கொடுமையையும் நாம் இங்கு விரிக்கவில்லை. 1921 நவம்பரில் திரூரிலிருந்து புறப்பட்ட சரக்கு வண்டியில் காற்றின்றி அடைக்கப்பட்டுச் சுமார் 70 கைதிகள் மாண்டதும், அவ்வண்டி நம் போத்தனூரில் திறக்கப்பட்டதும், ஆலி முஸ்லியார் அவர்கள் கோவைச் சிறையில் உயிர்நீத்ததும் தமிழ் மண்ணோடு அத்துயரம் கொண்ட தொடர்புகள். இங்கு நாம் குறிக்க விழைவது ஒன்றே. மக்கள் தம் முறையீட்டைச் சொல்ல வாக்கு என்னும் வழி திறக்கப்படாத இடத்தில் அம்முறையீடு வேறு வழிகளைத் தேடிற்று. அதன் விலையை இருதரப்பிலும் எளியவர்களே செலுத்தினர்.

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின்படி சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 28 முஸ்லிம்களுக்கும், மேலும் 1 முஸ்லிம் பெண்களுக்கும் உரியவையாயின. 1946 தேர்தலுக்குப் பின் அம்மன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தவர் முஹம்மது இஸ்மாயில் சாஹிப். நெல்லையும் ஏறநாடும் அன்று ஒரே மாகாணத்தின் இரு மூலைகள். பிற்காலத்தில் மஞ்சேரி மக்கள் ஒரு தமிழரைத் தேர்ந்தெடுத்தது வியப்புக்குரியதாகத் தோன்றலாம். அவர்களைப் பொறுத்தவரை அவர் நெடுங்காலமாக அறிந்த தலைவரே.

கேட்டது ஒன்று, கிடைத்தது மற்றொன்று

நாடு விடுதலை பெற்ற பன்னிரண்டாம் நாள், அதாவது 1947 ஆகஸ்ட் 27 அன்று, அரசியல் நிர்ணய சபையில் சிறுபான்மையினர் பற்றிய அறிக்கை விவாதிக்கப்பட்டபோது, தனி வாக்காளர் தொகுதி முறை நீடிக்கவேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தவர் மலபாரைச் சேர்ந்த வழக்கறிஞர் பி. போக்கர் சாஹிப். பிரிவினையின் இரத்தம் காயாத அந்நாளில் அக்கோரிக்கைக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. திருத்தம் தோற்றது. தொகுதி ஒதுக்கீடாவது எஞ்சும் என்ற நம்பிக்கையும் 1949 மே மாதத்தில் முடிவுக்கு வந்தது. அப்போதும் எதிர்த்துத் திருத்தம் கொண்டுவந்தவர் இஸ்மாயில் சாஹிப். பேகம் ஐஸாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே ஒதுக்கீடு வேண்டாம் என்று உரைத்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தனித்து நிற்பது பாதுகாப்பா, பொதுநீரோட்டத்தில் கலப்பது பாதுகாப்பா என்பதில் சமுதாயத்துக்குள்ளேயே நேர்மையான கருத்து வேறுபாடு இருந்தது.

இதற்கிடையே 1948 நவம்பர் 23 அன்று பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தது. எந்தச் சமுதாயமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்ற பொருளில் திருத்தம் முன்மொழிந்தார் இஸ்மாயில் சாஹிப். அதே கருத்தை வலியுறுத்திப் பேசியவர்களுள் போக்கர் சாஹிபும் ஒருவர். அன்று ஒரே நிலைப்பாட்டில் நின்ற அவ்விருவருமே பிற்காலத்தில் மஞ்சேரியின் முதலிரு நாடாளுமன்ற உறுப்பினர்களாக அடுத்தடுத்து அமைந்தனர். அத்தொகுதி எதனை மனத்தில் கொண்டு தன் பிரதிநிதிகளைத் தேர்ந்தது என்பதை இது ஓரளவு புலப்படுத்துகிறது.

1952ஆம் ஆண்டின் முதற் பொதுத்தேர்தலில் சென்னை மாநிலத்துக்கு மக்களவையில் 75 இடங்கள். அவற்றுள் முஸ்லிம் லீக் பெற்றது ஒன்றே. அன்று மலப்புரம் என்ற பெயரால் வழங்கிய அத்தொகுதியில் வென்றவர் போக்கர் சாஹிப். தனி வாக்காளர் முறை இன்றேல் சமுதாயத்தின் உண்மையான குரல் ஒலிக்காது என்று அஞ்சியவரே, ஐந்தாண்டுகளுக்குள் பொது வாக்காளர் முறையில் வென்று அவைக்குச் சென்றார். 21 வயது நிறைந்த அனைவருக்கும் வாக்கு என்ற அரசியலமைப்பின் கொடை இதனைச் செய்தது. 1920இல் பட்டியலில் இடம்பெறாத குடியானவனின் வாக்கே 1952இல் அவரை வெல்லச் செய்தது.

ஆனால் அவருடைய அச்சம் முற்றிலும் பொய்த்ததாகக் கூறிவிட முடியாது. மாநிலமெங்கும் சிதறி வாழ்ந்த முஸ்லிம்களுக்கு அத்தகைய வாய்ப்பு அமையவில்லை. 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் மலப்புரம் மாவட்ட மக்களில் 70 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். தமிழ்நாட்டில் அவர்கள் 5.86 விழுக்காடு. சட்டம் ஒன்றே. நிலவியல் வேறு. இந்த வேறுபாட்டினால்தான் மஞ்சேரி தன் எல்லைக்குள் வாழ்ந்தவர்களுக்கு மட்டுமின்றித் தென்னாட்டு முஸ்லிம்கள் பலருக்கும் பேச வேண்டிய பொறுப்பைத் தாங்கிற்று.

நெல்லைக்காரரைத் தேர்ந்த ஏறநாடு

1956 நவம்பர் 1 அன்று மலபார் கேரளத்தோடு இணைந்தது. 1957 தேர்தலில் மஞ்சேரி என்ற பெயருடன் அமைந்த தொகுதியில் போக்கர் சாஹிப் சுயேச்சையாக நின்று வென்றார். 1962இல் அவ்விடத்துக்கு வந்தவர் இஸ்மாயில் சாஹிப். 1948 மார்ச் 10 அன்று சென்னை இராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருப்பெற்றதிலிருந்து அதன் தலைவர் அவர். மாநிலங்களவையில் ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர்.

அவ்வாண்டு லீகுக்குப் பெரிய கட்சி எதனோடும் கூட்டணி இல்லை. 1960இல் காங்கிரசோடு கொண்ட தேர்தல் உறவு முறிந்திருந்தது. இருந்தும் கோழிக்கோட்டில் சி.எச். முஹம்மது கோயாவும் மஞ்சேரியில் இஸ்மாயில் சாஹிபும் வென்றனர். 1967இல் நிலைமை மாறிற்று. கேரளத்தில் மார்க்சிஸ்ட் கட்சி தலைமையிலான ஏழு கட்சி அணியிலும், தமிழகத்தில் அண்ணா அவர்களின் தி.மு.க. அணியிலும் லீக் இடம்பெற்றது. 1971இல் கேரளத்தில் லீக் மார்க்சிஸ்ட் கட்சிக்கு எதிரணியில் நின்றது. தனித்தும், ஓர் அணியிலும், அதற்கு எதிரணியிலும் ஒரே மனிதர் மும்முறை வென்றார் என்றால், மக்கள் சின்னத்தின் கணக்கைக் கடந்து அவருடைய தகுதிக்குச் சாட்சியம் அளித்தனர் என்பதே பொருள். முஃப்தி ஷஃபீ அவர்கள் குறித்த ஷஹாதத் என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிவான உதாரணத்தை நாம் அறியோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியின் அரபுக் கல்லூரி ஒன்றின் விழாவுக்கு நாம் சென்றிருந்தபோது, நாம் தமிழகத்தவர் என்றறிந்த முதியவர் ஒருவர் நம் கையைப் பற்றிக்கொண்டு, “இஸ்மாயில் சாஹிபின் நாட்டுக்காரரா?” என்று வினவினார். அவர் எத்தனை முறை ஊருக்கு வந்தார் என்று நாம் கேட்டோம். வந்தது குறைவு என்றார். பின்னர், “அவர் இங்கே வந்து என்ன செய்ய வேண்டும்? டில்லியில் பேசத்தானே அனுப்பினோம்” என்று மொழிந்தார். வகாலத் என்பதன் இலக்கணத்தை எழுத்தறிவு குறைந்த அப்பெரியவர் நமக்குப் பாடம் நடத்தினார்.

இஸ்மாயில் சாஹிப் 1972 ஏப்ரலில் மறைந்து சென்னைத் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமானார். வெற்றிடமான மஞ்சேரிக்கு 1973இல் நடந்த இடைத்தேர்தலில் சி.எச். முஹம்மது கோயா வென்றார்.

மண் மாறியது, மக்கள் மாறினர்

இக்காலத்தில் ஏறநாடு அடைந்த மாற்றங்கள் பெரிய அளவின. 1968இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் தேஞ்ஞிப்பாலத்தில் தோன்றியது. அன்று கல்வி அமைச்சர் சி.எச். அவர்களே. 1969 ஜூன் 16 அன்று கோழிக்கோடு, பாலக்காடு மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு மலப்புரம் மாவட்டம் உருவாயிற்று. மதவழி மாவட்டம் என்று அதற்கு எதிர்ப்பும் கிளம்பிற்று. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம் குத்தகைக் குடியானவனை நிலவுடைமையாளன் ஆக்கிற்று. 1921இன் வேர்க்காரணங்களுள் ஒன்று சட்டத்தின் வழியே அகற்றப்பட்டது. பின்னர் வளைகுடாப் பயணம் தொடங்கிற்று. 1988இல் கொண்டோட்டி அருகே கரிப்பூரில் விமானநிலையம் திறக்கப்பட்டது.

1977, 1980, 1984, 1989 ஆகிய நான்கு தேர்தல்களிலும் மஞ்சேரியில் வென்றவர் பெங்களூரில் பிறந்த இப்ராஹீம் சுலைமான் சேட் சாஹிப். ஷாபானு வழக்கின் தீர்ப்பும் 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டமும் நாட்டை உலுக்கிய நாள்களில், 1948இல் இஸ்மாயில் சாஹிப் எழுப்பிய அதே வினாவே மஞ்சேரி உறுப்பினர் முன் மீண்டும் வந்து நின்றது. 1991இல் அவர் பொன்னானிக்கு மாற, கண்ணூரைச் சேர்ந்த இ. அஹமது சாஹிப் மஞ்சேரிக்கு வந்தார். பாபரி மஸ்ஜித் தகர்ப்புக்குப் பின் காங்கிரசோடு ஆட்சியில் தொடர்வதா என்ற வினாவில் சேட் சாஹிப் லீகை விட்டு விலகி 1994இல் இந்திய தேசிய லீகைத் தோற்றுவித்தார். அஹமது சாஹிபோ 1996, 1998, 1999 தேர்தல்களிலும் வென்றார்.

இங்கு ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். போக்கர் சாஹிப் வட மலபாரைச் சேர்ந்தவர். இஸ்மாயில் சாஹிப் நெல்லை. சி.எச். கோழிக்கோட்டை அடுத்த அத்தோளி. சேட் சாஹிப் பெங்களூர். அஹமது சாஹிப் கண்ணூர். 1957 முதல் 2004 வரை 47 ஆண்டுகள் மஞ்சேரியின் பிரதிநிதியாக இருந்த ஐவருள் ஒருவரும் ஏறநாட்டில் பிறந்தவரல்லர். இது அம்மக்களின் பெருந்தன்மை. ஆனால் பெருந்தன்மையைப் பெறுபவர் அதனைத் தம் உரிமையாகக் கருதத் தொடங்கும்போது அமானிதம் பரம்பரைச் சொத்தாகிவிடுகிறது.

2004 உணர்த்தியது

2004 மே மாதத்தில் அந்த முடிவு வந்தது. அஹமது சாஹிப் பொன்னானியில் போட்டியிட, மஞ்சேரியில் லீக் வேட்பாளர் கே.பி.ஏ. மஜீதைத் தோற்கடித்து மார்க்சிஸ்ட் கட்சியின் டி.கே. ஹம்ஸா வென்றார். கேரளத்தின் 20 இடங்களில் 18ஐ இடதுசாரி அணி கைப்பற்றிய தேர்தல் அது. காங்கிரசுக்கு ஓரிடமும் இல்லை. அவ்வணிக்குக் கிட்டிய ஒரே இடம் பொன்னானி. ஆகவே மாநில அரசின்மீது எழுந்த அதிருப்தியே பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் அதே அலையில் பொன்னானி நின்றது, மஞ்சேரி நிற்கவில்லை என்பதை நோக்கினால் அலை ஒன்றே காரணம் என்று அமைதி கொள்ள முடியவில்லை.

ஹம்ஸாவும் ஒரு முஸ்லிமே. மலப்புரம் மாவட்டத்துக்காரர். மாப்பிள்ளைப் பாடல்களில் தோய்ந்தவர். பிற்காலத்தில் கேரள வக்ஃபு வாரியத்தின் தலைவர் பொறுப்பையும் வகித்தவர். எனவே மஞ்சேரி மக்கள் சமுதாயத்தைக் கைவிட்டனர் என்று 2004இல் எழுந்த புலம்பலை நாம் ஏற்பதற்கில்லை. அவர்கள் தம் வக்கீலை மாற்றினர், அவ்வளவே. ஃபிக்ஹு நூல்களில் வகாலத் பாடத்தைப் படித்தவர்கள் அறிவர்: நியமித்தவருக்கு நீக்கும் உரிமையும் உண்டு. அவ்வுரிமை இல்லையேல் அது வகாலத் அன்று, அடிமைச் சாசனம். ஈராண்டுகளில், 2006 சட்டமன்றத் தேர்தலில் குற்றிப்புரம் போன்ற கோட்டைகளிலும் லீக் தோற்றது. அதன்பின் அக்கட்சி மக்களிடம் திரும்பிச் சென்றது. 2009இல் மலப்புரம் தொகுதியில் அதே ஹம்ஸாவை அஹமது சாஹிப் வென்றார்.

கோடுகள் மாறியபோது

2009இல் மஞ்சேரி என்ற பெயரே நாடாளுமன்றத் தொகுதிப் பட்டியலில் இல்லை. 2001ஆம் ஆண்டின் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்ட 2008ஆம் ஆண்டின் எல்லைச் சீரமைப்பில் அது மறைந்தது. நிலம்பூர், வண்டூர், மஞ்சேரி, மலப்புரம், கொண்டோட்டி, குன்னமங்கலம், பேப்பூர் என்னும் ஏழு சட்டமன்றத் தொகுதிகள் அதில் இருந்தன. அவற்றுள் நிலம்பூரும் வண்டூரும் வயநாட்டுக்கும், குன்னமங்கலமும் பேப்பூரும் கோழிக்கோட்டுக்கும் சென்றன. எஞ்சிய மூன்றும் புதிய மலப்புரம் தொகுதியின் பகுதிகளாயின. இஸ்மாயில் சாஹிபுக்கு வாக்களித்தோரின் பேரர்களுள் ஒரு பகுதியினர் 2019இல் ராகுல் காந்திக்கும், 2024இல் பிரியங்கா காந்திக்கும் வயநாட்டு வாக்காளர்களாயினர்.

ஏறநாட்டுக்கு இம்மாற்றத்தால் பெரிய இழப்பு நேரவில்லை. மலப்புரத்தில் லீக் தொடர்ந்து வென்றுவருகிறது. 2024இல் இ.டி. முஹம்மது பஷீர் பெற்ற வாக்கு வேறுபாடு மூன்று இலட்சம். ஆயினும் வரைபடத்தில் இழுக்கப்படும் ஒரு கோடு ஒரு சமுதாயத்தின் குரலை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்லது. முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் தொகுதிகள் சில பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதை 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை சுட்டிக்காட்டியது. பட்டியல் இன மக்களின் உரிமை நியாயமானது. அதனை நாம் மறுக்கவில்லை. எந்த இடத்தில் அது வழங்கப்படுகிறது என்பதை உற்று நோக்கி, உரிய காலத்தில் சீரமைப்பு ஆணையத்தின் முன் முறையிடும் அறிஞர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்பதே நம் வினா.

பெருவெற்றிக்கும் ஓர் ஆபத்து உண்டு. அஹமது சாஹிப் 2017 ஜனவரி 31 அன்று நாடாளுமன்றத்திலேயே மயங்கி வீழ்ந்து, மறுநாள் அதிகாலையில் மறைந்தார். அதன்பின் அவ்வாண்டும், 2021இலும் மலப்புரம் இடைத்தேர்தலைக் கண்டது. முன்னதற்குக் காரணம் மரணம். பின்னதற்குக் காரணம், உறுப்பினர் பதவி விலகிச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டது. கட்சிக்கு அதில் தேவையிருந்திருக்கலாம். ஆனால் ஐந்தாண்டுக்கென்று ஒப்படைக்கப்பட்டதை இடையில் திருப்பித்தருவது வாக்காளர்களைக் கேட்டுச் செய்யப்படவேண்டிய செயல் அன்றோ? அன்னிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தை ஆட்சிப் பொறுப்போடு பொருத்தியே இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) தம் அஸ்ஸியாஸத்துஷ் ஷர்இய்யா நூலை அமைத்தார்கள். அமானிதத்தை உரியவரிடம் சேர்த்தல் என்ற அக்கட்டளை, வாக்காளரை மட்டுமின்றி வாக்குப் பெற்றவரையும் பிணிக்கிறது.

நமக்கு உரிய பாடம்

தமிழகத்தில் நமக்கு ஒரு மஞ்சேரி இல்லை. ஒரு தொகுதியின் பெரும்பான்மையைக் கொண்டு வெல்லும் வாய்ப்பு இங்கு அரிது. எனவே மஞ்சேரியைக் காட்டி ஏங்குவது பயனற்றது. 1967இல் இராமநாதபுரத்தில் சுயேச்சையாகவும், 1971இல் பெரியகுளத்தில் லீக் வேட்பாளராகவும் எஸ்.எம். முஹம்மது ஷரீஃப் வென்றபோது அவருக்கு வாக்களித்தோரில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிமல்லாத நம் அண்டை வீட்டார். அவர்களுடைய ஷஹாதத்தையும் பெறத்தக்க மனிதர்களை உருவாக்குவதே நமக்கு உரிய வழி.

போக்கர் சாஹிப் தனி வாக்காளர் தொகுதி கேட்டார். அது கிடைக்கவில்லை. ஏறநாட்டுக் குடியானவர்கள் தங்களுக்குக் கிடைத்த பொதுவான வாக்குச் சீட்டைக் கொண்டே, வேற்றூரில் பிறந்த தகுதியாளரை உயர்த்தினர். அதே சீட்டைக் கொண்டு அலட்சியத்தைத் தண்டிக்கவும் செய்தனர். சட்டம் அளித்த உரிமை நாட்டினர் அனைவருக்கும் ஒன்றே. அதனைச் சாட்சியமாகவும் அமானிதமாகவும் கருதிப் பயன்படுத்திய பொறுப்புணர்வு அவர்களுடையது. அடுத்த தேர்தலில் சாவடிக்குச் செல்லும்போது, நாம் யாருக்கு எதற்காகச் சாட்சி கூறுகிறோம் என்ற வினாவை நம்மில் ஒவ்வொருவரும் தம் உள்ளத்தில் எழுப்பிக்கொள்வார்களாயின், மஞ்சேரியின் வரலாற்றைப் படித்ததன் பயன் நிறைவேறும். அல்லாஹ் நன்கறிந்தவன்.